ரயில் வராத படம்

மாலைக் கணக்கியல் வகுப்பு முடிந்தால் என் கால் தானாக டிவி மெக்கானிக் அண்ணன் கடைக்குப் போகும். சனிக்கிழமைதோறும் அங்கே பின்னறையில் அண்ணன், ஒரு தையல்காரர், ஒரு பஸ் கண்டக்டர், நான் என்று நாங்கள் நாலு பேர், யாரும் கேள்விப்படாத பழைய படங்களாகத் தேடிப்பிடித்துப் பார்ப்போம்.

ஒரு படம் மட்டும் கிடைக்கவே இல்லை. ஒரு வாரம்கூட ஓடாத அதைச் சின்ன வயதில் பார்த்தவர் அண்ணன் ஒருவர்தான். கடைசிக் காட்சியை அவர் வாயால் கேட்க வேண்டும். புருஷன் வீட்டை உதறிவிட்டு ரயிலேறும் நாயகி, ஜன்னல் வழியே சிவப்புச் சால்வையை விட்டெறிவாள். அது பெட்டி பெட்டியாக உரசிக்கொண்டே பின்னால் பறக்கும்.

அறையில் நாற்காலி மூன்றுதான். கடைசியாகச் சேர்ந்த எனக்கு உடைந்த டிவிப் பெட்டி.

இரண்டு வருடம் தேடி, மூடப்போகும் ஒரு வீடியோ கடையில் அந்தக் கேசட்டைக் கண்டுபிடித்தேன். வெள்ளிக்கிழமையே அண்ணனிடம் கொண்டு ஓடினேன்.

"முதல்ல நாம ரெண்டு பேர் மட்டும் பாத்துருவோம்," என்றார்.

பார்த்தோம். கடைசியில் நாயகி புருஷன் காலில் விழுந்தாள். குடும்பமே வரிசையாக நின்று சிரித்தது. சுபம்.

"வெட்டின காப்பியா இருக்கும்ணே," என்று அவர் தப்பிக்க நானே வழி செய்துகொடுத்தேன். என் குரல் எனக்கே நம்பும்படியாக இல்லை.

"இதை எதுக்குடா தேடின?"

"நீங்கதானேண்ணே தேடச் சொன்னீங்க?"

"தேடத்தான் சொன்னேன். எடுத்துட்டு வரச் சொன்னேனா?"

மறுநாள் போனபோது கேசட் நாடா குடலை உருவிப் போட்டதுபோல் மேசைமேல் கிடந்தது.

"மெஷின் கடிச்சிருச்சுப்பா," என்றார், ஊர் மெஷினையெல்லாம் ரிப்பேர் செய்கிறவர்.

"கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலையே!" என்று தலையில் அடித்துக்கொண்டார் தையல்காரர்.

பஸ் கண்டக்டர் என் பக்கம் திரும்பினார். "கணக்குப்பிள்ளை, நீ பாத்தியாமே? ரயில் வந்துச்சா?"

அண்ணன் குனிந்தபடி ஒரு டிவிக்குள் எதையோ ஈயத்தால் பற்றவைத்துக்கொண்டிருந்தார். வரவில்லை என்று சொன்னால் இந்த அறை எனக்கு இல்லை.

"வந்துச்சுண்ணே."

"சால்வை?"

"பறந்துச்சு. கடைசிப் பெட்டிக் கொக்கியில மாட்டிக்கிச்சு."

கொக்கி எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

அண்ணன் நிமிர்ந்தார். "அட, கொக்கியை நான் மறந்தே போயிட்டேன் பாரு!"

கண்டக்டர் பொறாமையை மறைக்காமல் எழுந்து தன் நாற்காலியை என் பக்கம் தள்ளினார். "கொடுத்து வெச்சவன்டா நீ. உக்காரு."

உட்கார்ந்தேன். ஒரு கால் குட்டை, நாற்காலி ஆடியது. அண்ணன் அந்தக் கேசட்டின் காலிக் கூட்டை எடுத்து அடியில் முட்டுக் கொடுத்தார்.