ஏழாம் துண்டில் குளவிக்கூடு

கோயில் மலையை எட்டுத் துண்டாகப் பிரித்து எல்லைக் குச்சி நடும் வேலை யோகேஸ்வரன் கங்காணியிடம் வந்தது. அவர் முதலில் நட்டது தனக்கான துண்டின் குச்சிகளைத்தான்.

இலங்கை மலைநாட்டில், நோர்வூட்டுக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் அது புதிய ஏற்பாடு. எட்டுக் குடும்பத்துக்கு எட்டுத் துண்டு. அவரவர் துண்டை அவரவர் பார்த்துக்கொண்டு, கொழுந்தைத் தோட்டத்துக்கே கொடுக்க வேண்டும். கங்காணி குடும்பமும் எட்டில் ஒன்று. ஏழாம் துண்டு பாதையோரம், சமதரை, இடுப்பளவுச் செடி. அதைத் தாராளமாக அளந்தார். இரண்டாம் துண்டு ஓடையோரம், செங்குத்து, பாதி பாறை. அதைப் பேச்சியம்மாவை நினைத்துக்கொண்டே அளந்தார். என்றோ ஒரு நாள் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில், எல்லோர் முன்னாலும் அவள் அவரை எதிர்த்துப் பேசியிருந்தாள். அன்றிலிருந்து பதினைந்து வருஷமாக, கொழுந்து பறிக்க மோசமான நிரை எது வந்தாலும் அது அவளுக்குத்தான்.

குச்சி நட்டு முடிந்ததும் தோட்டத்தை நிர்வகிக்கும் தொரை வந்து பார்த்தார்.

"நட்டது நீங்கதானே. அப்போ மத்த ஏழு பேரும் எடுத்த பிறகு மிஞ்சுறது உங்களுக்கு. வெள்ளிக்கிழமை பெரட்டுல எல்லாரும் அவங்கவங்களுக்கு வேணுங்கிற துண்டைச் சொல்லட்டும்."

யோகேஸ்வரனுக்கு இரண்டு நாள் இருந்தது. அவருக்கு அரை நாளே போதும். வியாழக்கிழமை பெண்கள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது, தலையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு ஏழாம் துண்டிலிருந்து ஓடி வந்தார்.

"என்னங்க கங்காணி, யாரு வெரட்டுறா?" என்றாள் தனுஜா.

"குளவி. அந்தச் சவுக்கு மரத்துல பானை கணக்கா கூடு. யாருகிட்டயும் சொல்லிறாதீங்க, பயந்துருவாங்க."

மத்தியானத்துக்குள் மூன்று லயத்து வீடுகளுக்கும் தெரிந்துவிட்டது. பானை அண்டாவாகியிருந்தது. சிறுத்தையைக்கூடத் தகரம் தட்டி விரட்டிவிடுவார்கள். குளவி என்றால் கூடையைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். கொட்டு வாங்கி ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் எல்லா லயத்திலும் இருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை ஏழாம் துண்டை யாரும் கேட்கவில்லை. பெயர்ப் பட்டியலை எழுதியதும் கங்காணிதான் என்பதால் பேச்சியம்மா ஏழாவது ஆள். மிஞ்சியிருந்தது இரண்டும் ஏழும்.

"பாறையாவது கொட்டாது. ரெண்டைக் குடுங்க" என்றாள்.

"என் தலையெழுத்து" என்று கங்காணி பெருமூச்சு விட்டார். நன்றாகவே விட்டார்.

திங்கட்கிழமை, சட்டையைக் கழற்றி அதே சவுக்கு மரத்தில் மாட்டிவிட்டு, பாடிக்கொண்டே புல் வெட்டினார். விறகுக் கட்டோடு பாதையில் போன பேச்சியம்மா நின்றாள். சட்டையைப் பார்த்தாள். மரத்தை அண்ணாந்து பார்த்தாள். நடந்தாள். பொறாமை என்று கங்காணி நினைத்துக்கொண்டார்.

மறுநாள் ஏழாம் துண்டைச் சுற்றிச் சிவப்புத் துணி கட்டியிருந்தது.

"பேச்சியம்மா அழுதுகிட்டு வந்தாங்க" என்றார் தொரை. "நீங்க உசிரை வெறுத்துக் குளவிக்குக் கீழ வேலை செய்றீங்களாம். நல்ல மனுஷி. கூட்டை எடுக்கிற வரைக்கும் யாரும் உள்ள போகக் கூடாது."

"கூடு பறந்துருச்சு சார்."

"கூடு பறக்குமா?"

"குளவி சார். குளவி பறந்துருச்சு."

"அப்போ வெறுங்கூட்டைக் கொண்டாங்க, பார்க்கலாம்."

வெறுங்கூட்டுக்காக யோகேஸ்வரன் மூன்று மலை அலைந்தார். ஒரு காக்கைக் கூடு கிடைத்தது. அதற்கிடையில் ஏழாம் துண்டில் கொழுந்து முற்றிக்கொண்டிருந்தது. ஆள் பார்க்காத நேரத்தில் பறித்துவிடலாம் என்று மனைவி சர்மிளாவைக் கூப்பிட்டார்.

"நான் ரெண்டு புள்ளைக்குத் தாய்ங்க. குளவிகிட்டப் போகமாட்டேன்."

"கூடே இல்லடி."

"குளவி இருக்குன்னு அன்னைக்கு என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணீங்க."

"அது சும்மா."

"அப்போ இதுவும் சும்மாதானே" என்று அவள் அரிசி களையப் போய்விட்டாள்.

பாதையில் போகிற பெண்கள் தினமும் விசாரித்தார்கள். "கங்காணி, குளவி சொகமா இருக்கா?" பேச்சியம்மா மட்டும் சிரிக்காமல், "பார்த்துங்க தம்பி, ஒடம்பு முக்கியம்" என்றாள். அதுதான் அதிகமாகக் குத்தியது.

பன்னிரண்டாம் நாள் பெரட்டில், மழைத் தூறலில், யோகேஸ்வரன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"கூடு இல்லைங்க சார். இருந்ததே இல்லை."

யாரும் ஆச்சரியப்படவில்லை. அது அவருக்குத்தான் ஆச்சரியமாக இருந்தது.

"அப்போ எல்லாரும் துண்டைத் திரும்பச் சொல்லுங்க" என்றார் தொரை. "பேச்சியம்மாவுல இருந்து."

"ஏழுங்க சார்" என்றாள் பேச்சியம்மா.

மற்றவர்கள் ஏற்கெனவே புல் வெட்டிச் செடியும் பழகியிருந்தார்கள். மாற்ற வேண்டாம் என்றார்கள். மிஞ்சிய இரண்டாம் துண்டு கங்காணிக்கு.

இரண்டாம் துண்டில் இறங்கிய முதல் நாளே யோகேஸ்வரனின் இரண்டு காலிலும் இரத்தம் வழிந்தது. ஓடையோரம் முழுக்க அட்டை. சாயங்காலம் பாதைக்கு ஏறி வந்தவர், ஏழாம் துண்டில் பறித்துக்கொண்டிருந்த பேச்சியம்மாவிடம் நின்றார். அவள் அந்த மாதிரி இடங்களில் பதினைந்து வருஷம் நின்றவள்.

"அக்கா, அட்டைக்கு என்ன பூசுவீங்க?"

"துணி தொவைக்கிற சவர்க்காரத்துல உப்பைக் கொழைச்சு முட்டி வரைக்கும் பூசணும் தம்பி."

அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. பக்கத்தில் நின்ற தனுஜா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோகேஸ்வரன் யோசித்தார். அவள் இடத்தில் அவர் இருந்திருந்தால், பழிவாங்கக் கட்டாயம் சீனியைப் பூசச் சொல்லியிருப்பார். உப்பு அட்டையைக் கூப்பிடுமோ என்னவோ. யாரிடம் கேட்டாலும் இதே சந்தேகம் வரும் என்றும் தோன்றியது.

மறுநாள் காலை, வலது காலில் மட்டும் பூசிக்கொண்டு இறங்கினார்.

மத்தியானம் பாறையில் உட்கார்ந்து காற்சட்டையைச் சுருட்டிப் பார்த்தார். இடது காலில் பதினொரு அட்டை. வலது காலில் ஒன்றுகூட இல்லை. இன்னொரு தடவை பார்த்தார். அவள் பொய் சொல்லியிருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும் என்று நினைத்தபடி, மிச்சச் சவர்க்காரத்தை எடுத்து இடது காலில் பூசத் தொடங்கினார்.