இருநூற்றுப் பன்னிரண்டாம் தாடை

முகமூடி போட்ட நாயகனுக்கு ஆள் தேடுகிறவர்கள் எல்லோரும் கண்ணையும் தோளையும் பார்த்து ஏமாந்துபோகிறார்கள். நெற்றியிலிருந்து மூக்கு வரை முகமூடி மூடிவிடும். தோளுக்கு உடை தைக்கிறவர் பஞ்சு வைத்துக்கொள்வார். மிச்சம் வாயும் தாடையும்தான். இதைச் சொல்ல எங்களைவிடத் தகுதியானவர்கள் கிடையாது. நானும் பீங்கான் அண்ணனும் பல் கட்டும் லேபில் வேலை செய்கிறோம்.

மருத்துவர்கள் அனுப்பும் அச்சில் நான் பிளாஸ்டர் ஊற்றித் தாடை எடுப்பேன். அண்ணன் அதைப் பார்த்துப் பீங்கானில் பல் செய்வார், பட்டப்பெயரும் அப்படி வந்ததுதான். தாடைக்குப் பெயர் கிடையாது, நம்பர் மட்டும். யாருடைய வாய் என்று எங்களுக்குத் தெரியாது.

‘இடிக்காவலன்’ காமிக்ஸை ஏழு படமாக எடுக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்ததிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் எங்களுக்கு வேறு பேச்சில்லை. இணையத்தில் ரசிகர் பக்கத்தில் எல்லோரும் நடிகர்கள் பெயரைப் போட்டு அடித்துக்கொள்ள, நாங்கள் தாடைகள் அடுக்கியிருக்கும் அலமாரியிலிருந்து ஆள் எடுத்தோம். கறுப்புத் தாளில் முகமூடி வெட்டி, தாடைக்கு மேலே பிடித்துப் பார்ப்போம். வில்லன் 96. கீழ்வரிசை துருத்திக்கொண்டு நிற்கும், பிறவி வில்லன். அதில் சண்டையே இல்லை. நாயகன் யார் என்பதில்தான் முட்டிக்கொண்டது.

அண்ணன் 180 என்றார்.

“அது விளம்பரப் பல்லுண்ணே. ஒரு அடிகூட வாங்கினதில்ல. இதைப் பாருங்க” என்று அந்த வாரம் புதிதாக வந்த 212-ஐ எடுத்து நீட்டினேன். “கோரைப்பல் எப்படித் தேய்ஞ்சிருக்கு பாருங்க. எவ்வளவோ வந்திருக்கு, எதையும் வெளியில சொல்லாம கடிச்சுப் பொறுத்துக்கிட்ட ஆளு. ஹீரோன்னா இவன்தான்.”

“நேர்ல பார்த்த மாதிரி பேசுறியேம்மா.”

“பல்லைப் பார்த்தா போதாதாண்ணே?”

கடைசியில் முகமூடி போட்ட 212-ஐப் படமெடுத்து ரசிகர் பக்கத்தில் போட்டோம். பிளாஸ்டர் என்று தெரிந்தும், யார் இந்த நடிகர் என்று முந்நூறு பேர் கேட்டார்கள். அண்ணன் 180-ஐ எடுத்து அலமாரியில் திருப்பி வைத்துவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வீட்டில், இதற்கெல்லாம் முன்பிருந்தே, கதை வேறு. வீட்டுக்காரர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். நான் தினமும் வந்து அளக்கும் கதையைக் கேட்டுக் கேட்டு அவருக்கும் ஆசை வந்துவிட்டது.

“எனக்கு என்ன வேஷம்?”

“வில்லன் ஒரு பஸ்ஸைத் தூக்கிக் கடாசுவான்ல, அதுல டிரைவர்.”

“வசனம் இருக்கா?”

“அலறல் இருக்கு.”

அன்றைக்குச் சிரித்தார். மறுநாளும் கேட்டார், மறுநாளும் அலறல்தான் கொடுத்தேன். ஹீரோவுக்கு மாமாவாகவாவது போடேன் என்று ஒருநாள் இறங்கி வந்தார். “தூக்கத்துல பல்லை நறநறன்னு கடிக்கிற மாமாவையா? மில்லுக்குப் பக்கத்துல படுத்த மாதிரி இருக்கு, முதல்ல அதை நிறுத்துங்க” என்றேன். அதற்குப் பிறகு அவர் வேஷம் கேட்கவில்லை. வந்து சாப்பிட்டு, மகளோடு இரண்டு வார்த்தை பேசி, தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விடுவார். கேட்டபோது தொல்லையாக இருந்தது, கேட்காதபோது வீடு வெறிச்சென்று இருந்தது. கூப்பிட்டு ஒரு நல்ல வேஷமாகக் கொடுத்திருக்கலாம். வீம்பு விடவில்லை.

212-க்கு வந்த வேலை, பல் தேயாமல் இருக்கத் தூங்கும்போது மாட்டிக்கொள்ளும் ஓர் உறை. நாயகனுக்காச்சே என்று விளிம்பை இரண்டு தரம் மெருகேற்றி, டப்பாவில் போட்டு, என் கையாலேயே நம்பர் எழுதி அனுப்பினேன்.

நாலு நாள் கழித்து வீட்டில் முகம் கழுவப் போனால், வாஷ்பேசின் பக்கத்தில் அந்த டப்பா இருக்கிறது. மூடியில் 212, என் கையெழுத்து. இரண்டின் வாலை நான் ஒருத்திதான் அப்படிச் சுழிப்பேன்.

ஆயிரம் வாய்க்கு ஜாதகம் சொல்கிறவள், பதினாறு வருஷமாக எதிரில் உட்கார்ந்து சாப்பிடும் வாயைப் பார்க்கவில்லை. அவமானமாக இருந்தது. கடிச்சுப் பொறுத்துக்கிட்ட ஆளு என்று ஊரெல்லாம் சொன்னேனே, எதைப் பொறுத்துக்கொண்டார் என்று நினைத்தபோது இன்னும் அவமானமாக இருந்தது.

டப்பாவோடு போய் அவர் முன்னால் நின்றேன்.

“டாக்டர்கிட்ட போனதை ஏன் சொல்லல?”

“உனக்குத் தூக்கம் கெடுதுன்னு சொன்னியே, அதான் போனேன். சொன்னா அதுக்கும் ஒரு வேஷம் கொடுப்ப.”

அப்புறம் நான் எல்லாவற்றையும் சொன்னேன். 180, தேய்ந்த கோரைப்பல், முந்நூறு பேர், ஒன்றையும் விடவில்லை. போனில் படத்தைக் காட்டினேன். கறுப்பு முகமூடிக்குக் கீழே இருந்த தன் தாடையை அவர் ரொம்ப நேரம் பார்த்தார். மோவாயைத் தடவிக்கொண்டார்.

“மூஞ்சியைப் பார்த்திருந்தா போட்டிருப்பியா?”

பொய் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன், வரவில்லை. “மாட்டேன்” என்றேன். “தப்பு என் மேலதான்.”

அவர் போனைத் திருப்பித் தந்துவிட்டு, உறையை எடுத்து மாட்டி, பல்லைக் கடித்துப் பார்த்தார். சத்தமே வரவில்லை. கழற்றிவிட்டுக் கேட்டார்:

“அப்ப அந்த பஸ்ஸை யாரு ஓட்டறது?”

“நான் ஓட்டறேன்.”

“வசனம் கிடையாது, தெரியும்ல?”

“தெரியும். அலறல்தான்.”

“எங்க, ஒருதரம் அலறிக் காட்டு. சரியா வந்தா காப்பாத்தறதைப் பத்தி யோசிக்கிறேன்.”

அடுப்படியிலிருந்து மகள் ஓடிவந்து என்ன ஆச்சு என்று கேட்கும் அளவுக்கு அலறினேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். கோரைப்பல் இரண்டும் நன்றாகத்தான் தேய்ந்திருந்தன.