ஆறு புள்ளி ஒன்பது

…ஆறு புள்ளி ஒன்பது, சந்தேகமே இல்லை, ஆறு புள்ளி ஒன்பதேதான், டாக்டர் சான்யால் அந்த எண்ணைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டார், வட்டம் முழுசாகச் சேர்வதற்குள் சிரித்துவிட்டார், ஆறு வருஷத்தில் அந்த மனுஷர் சிரித்து நான் பார்த்ததே இல்லை, பல் அத்தனை வரிசையாக இருக்கும் என்று யார் கண்டது… டாக்குரியாவில் பஸ் ஏறி ஜன்னலோரம் இடமும் கிடைத்தாயிற்று, இன்றைக்கு எல்லாமே எனக்குக் கிடைக்கும் போலிருக்கிறது, மடியில் பை, பைக்குள் ரிப்போர்ட், மூன்றாவது தடவையாக எடுத்துப் பார்க்கிறேன், பஸ்ஸுக்குள் வந்து யாராவது மாற்றி எழுதிவிடுவார்களா என்ன? ஈரல் எவ்வளவு கெட்டித்துப்போயிருக்கிறது என்று சொல்கிற எண். ஆறு வருஷத்துக்கு முன்னால் அது பதினாலு புள்ளி எட்டு. அன்றைக்கும் இதே வழி, இதே கரியாஹாட் நெரிசல், இந்த ஊரில் இன்னும் எத்தனை துர்கா பூஜை பார்ப்பேன் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தேன். இன்றைக்கு எண்ண மாட்டேன். போங்கடா.

இந்தப் பையே அந்த வியாதியோடு வந்த பைதான், அதுதான் வேடிக்கை… பவானிபூரில் எங்கள் தெரு கிளப்காரர்கள் பந்தல் போட்டு ரத்ததான முகாம் நடத்தினார்கள், கொடுத்தவர்களுக்கெல்லாம் ஒரு பை, பைக்கு ஆசைப்பட்டா போனேன், இல்லையே, இன்ஷ்யூரன்ஸ் ஆபீஸில் இருக்கிற நாமே பயந்தால் எப்படி என்று கெத்தாகப் போய்ப் படுத்தேன். மூன்று வாரம் கழித்து கிளப்பிலிருந்து போன், "திதி, ஒருதடவை வந்துட்டுப் போங்க," அக்காவைத்தான் இங்கே திதி என்பார்கள். ஹெபடைட்டிஸ் பி. பிறக்கும்போதே அம்மாவிடமிருந்து வந்திருக்கலாம் என்றார் சான்யால், நாற்பது வருஷம் சத்தம் போடாமல் உள்ளேயே குடியிருந்திருக்கிறது, வாடகை இல்லாமல்! வைரஸ் நேராகச் செல்லைக் கொல்வது குறைவாம், அது புகுந்த செல்களை நம் உடம்பின் காவல் படையே தேடித் தேடி அழிக்குமாம். ஈரல் சளைக்காமல் புதுச் செல்களை முளைக்கவைக்கும், அதையும் படை அழிக்கும், மறுபடி முளைக்கும், இப்படியே வருஷக் கணக்காகப் போனால் அழிவுக்கு ஈடு கொடுக்க முடியாமல் ஈரல் அந்த இடத்தை நாரைப் போட்டு அடைத்துவிடுமாம். அதுதான் தழும்பு. தழும்பு பெருகினால் ஈரல் சுருங்கிப்போகும், அப்புறம் ஒன்றும் செய்வதற்கில்லை… நீங்கள் அந்த வாசற்படியில் நிற்கிறீர்கள் என்றார் அன்றைக்கு. இன்றைக்கு அதே வாயால், வைரஸ் அடங்கிவிட்டது, செல்களுக்கு வளர அவகாசம் கிடைத்தது, பழைய நார் கரைகிறது, மாத்திரையை மட்டும் ஒருநாளும் விடாதீர்கள் என்கிறார். விடுவேனா? ஆறு வருஷமாகத் தினம் ஒன்று, ஜுரத்திலும் விட்டதில்லை, கல்யாண வீட்டுக் கூட்டத்திலும் விட்டதில்லை. என் ஈரல் சமர்த்து! உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் எத்தனை வேலை செய்திருக்கிறாய், உன்னை எடுத்துக் கொஞ்சினால் என்ன…

ஆனால் டம்ளர்… அந்த டம்ளரை இன்றைக்கே பழைய பாத்திரக்காரனிடம் போடப்போகிறேன். பாத்திரம், தட்டு பகிர்ந்தால் இது ஒட்டாது, ரத்தத்தில் போவது என்று முதல்நாளே சொன்னார் சான்யால், நான் கேட்டேனா? டாக்டருக்கு ஈரல் தெரியும், எச்சில் பற்றி அவருக்கு என்ன தெரியும்! எங்கள் வீட்டில் எச்சில் என்றால் எச்சில்தான். ராஸ்பிஹாரி முனையில் பாத்திரத்தில் பெயர் வெட்டுகிற வங்காளி ஆளிடம் காகிதத்தில் 'அ' எழுதிக் காட்டி ஒரு டம்ளரில் வெட்டி வாங்கி வந்தேன், அலமுவுக்கு அ, வால் மட்டும் நீண்டு போயிற்று. அதைத் தனியாகக் கழுவி, தனியாகக் கவிழ்த்து, அதிலும் உதடு படாமல் அண்ணாந்துதான் குடிப்பேன். இவர், என் அகத்துக்காரர் மஹாதேவன், பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்று தடுப்பூசி போட்டுக்கொண்டார், அது சரி, ஆனால் 'தனி டம்ளர் எதுக்கு அலமு' என்று ஒரு வார்த்தை? சும்மா தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் ஆறு வருஷமாக நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. பயந்திருப்பாரா? அருவருப்பா? கேட்டுவிடலாம், கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால்?… "ஆஸ்தே லேடீஸ்!" என்று கண்டக்டர் பஸ்ஸைத் தட்டி நிறுத்துகிறான், எனக்காகத்தான், மெதுவாக இறங்கவாம், மெதுவாவது, குதித்தே இறங்குவேன்.

இவர் வாசலிலேயே நிற்கிறார், கணக்கு டியூஷன் பிள்ளைகளைக்கூட அனுப்பிவிட்டார் போல, முகம் வெளுத்திருக்கிறது. "என்ன சொன்னார்? சொல்லேன் சீக்கிரம்." சொன்னேன். "பாதிக்கும் கீழே வந்துடுத்து!" என்று சுவரைப் பிடித்துக்கொண்டவர் கண்ணைத் துடைத்தபடி அடுக்களைக்குள் போய்விட்டார், டிகாக்ஷன் மணம் வந்தது, நான் பையை எறிந்துவிட்டு ராணி மாதிரி உட்கார்ந்து, "ஏன்னா, இனிமே எனக்குத் தனி டம்ளர் கிடையாது, தெரிஞ்சுதா!" என்று உள்ளே பார்த்துச் சத்தம் போட்டேன். இரண்டு டம்ளரோடு வந்தார். எழுத்து வெட்டாத மொட்டை டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு அ போட்டதைத் தன் உதட்டில் வைத்துக் குடிக்கிறார், வைத்து! "ஐயோ, அது என்னோடது!" "தெரியுமே. நீ ஆபீஸ் போனப்புறம் தினம் இதுலதான் குடிக்கறேன்." "எத்தனை நாளா?" "நீ பேர் வெட்டிண்டு வந்த மறுநாள்லேர்ந்து." "ஒரு வார்த்தை சொல்லப்படாதா?" "சொல்லியிருந்தா பீரோல வெச்சுப் பூட்டியிருப்பே." பூட்டித்தான் இருப்பேன்… ஈரலின் தழும்பைப் புள்ளி வரைக்கும் தெரிந்துவைத்திருந்தவளுக்குச் சொந்த அடுக்களை தெரியவில்லையே, இந்த மனுஷரைத் திட்டுவதா, கட்டிக்கொள்வதா, சிரிப்பு பொங்குகிறது, கண்ணும் பொங்குகிறது, முதலில் காபியைக் குடிப்போம் என்று டம்ளரை எடுத்தால், உதட்டுக்குப் போக வேண்டிய கை பழக்கத்தில் தலைக்கு மேலே போகிறது… ஈரல் தேற ஆறு வருஷம், இந்தக் கை தேற எத்தனை வருஷம் ஆகுமோ?