கிளிங்கர் வீட்டுப் பெட்டி

செவ்வாய்க்கிழமைதான் ஃபுல்மர் கடைக்குச் சரக்கு லாரி வரும். கடை திறக்க இன்னும் நேரம் இருந்தது. ஆனாலும் வாசலிலிருந்து பெட்ரோல் பங்க் வரை வரிசை நின்றுவிட்டது. ஆளாளுக்குக் கையில் பிளாஸ்க், வாயில் புகை. அந்த வரிசையின் நடுவில் நின்ற வெர்னா கிளிங்கருக்கு முழங்கால் வலியைவிட வேறொன்று அதிகமாக உறுத்தியது. மூன்று தலைமுறையில் தோட்டாவுக்காக வரிசையில் நின்ற முதல் கிளிங்கர் அவள்தான்.

நிற்க வேண்டிய அவசியமும் அவளுக்கு இல்லை. ஊரின் பழைய குடும்பங்களுக்கு, அவரவர் துப்பாக்கிக்கு ஏற்ற தோட்டாவில் ஒரு பெட்டியைக் கல்லாவுக்கு அடியில் எடுத்து வைப்பது ஃபுல்மர் கடை வழக்கம். பெயரைச் சொன்னால் போதும், கையில் வந்துவிடும். ஆனால் ஊரே குளிரில் நடுங்கிக்கொண்டிருக்கும்போது பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே போக வெர்னாவுக்கு மனம் வரவில்லை. மான் வேட்டை தொடங்க இரண்டு வாரம்கூட இல்லை. போன வருஷம் மிஞ்சிய இரண்டே தோட்டாக்கள்தான் வீட்டில் இருந்தன.

"என்ன வெர்னா, ராணியம்மாவும் எங்களோட நிக்கிறாங்க போல?" என்று பின்னாலிருந்து எல்வுட் கேட்டான். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு அடுத்த பெஞ்சில் உட்கார்ந்தவன். அன்றிலிருந்து அவன் வாய் மூடியதில்லை.

"உன் மூஞ்சியப் பாத்து ரொம்ப நாளாச்சேன்னு வந்தேன்."

"பாத்துக்கோ, இது ஓசிதான். இதுக்கு மட்டும்தான் இன்னும் விலை ஏறல."

நாலைந்து பேர் சிரித்தார்கள். சிரிப்பில் தெம்பு இல்லை. போன வருஷத்திலிருந்து இதே பேச்சுதான். தோட்டா செய்யத் தொழிற்சாலையில் பித்தளை இல்லை என்றான் ஒருவன். பித்தளை இருக்கிறது, வெடிமருந்துதான் இல்லை என்றான் இன்னொருவன். நகரத்துக்காரர்கள் வாங்கிப் பதுக்குகிறார்கள் என்றாள் ஒருத்தி. யாரும் யாரையும் மறுக்கவில்லை. அலுத்துப்போயிருந்தது.

கதவு திறந்து வரிசை மெல்ல நகர்ந்தது. 'ஆளுக்கு ஒரு பெட்டி' என்று எழுதிய அட்டை அலமாரியில் தொங்கியது. அதன் கீழே யார் துப்பாக்கிக்கும் பொருந்தாத அளவுகளில் சில பெட்டிகள் தூசி படிந்து கிடந்தன. வெர்னா கல்லாவுக்கு வந்தபோது ரேமண்ட் ஃபுல்மர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"முப்பது-முப்பது அளவுத் தோட்டா. எங்க வீட்டுப் பெட்டி" என்றாள்.

"உங்க வீட்டுப் பெட்டியா?" ரேமண்ட் தயங்கினார். "அது போயிடுச்சேம்மா. விடியக்காலையில லாரி வந்து இறக்கும்போதே டரன் வந்து வாங்கிட்டுப் போயிட்டான். போன வாரமும் அவன்தான். அதுக்கு முந்தின வாரமும். அத்தைக்குன்னு சொன்னான். நானும் உங்க பேருக்குத்தானேன்னு ஒவ்வொரு லாரியிலயும் எடுத்து வச்சேன்."

டரன் அவளுடைய செத்துப்போன தம்பியின் மகன். கிளிங்கர் என்ற பெயரோடு மிச்சமிருந்த ஒரே ஆண்பிள்ளை.

"அட, இப்பத்தான் புரியுது" என்றான் எல்வுட். குரலில் விளையாட்டு குறைந்திருந்தது. "ஞாயித்துக்கிழமை பழம்பொருள் சந்தையில டரன் மேசை போட்டிருந்தான். அவன்கிட்ட ஒரு பெட்டி வாங்கினேன். இந்தக் கடை ஆரஞ்சு ஸ்டிக்கர் அப்படியே ஒட்டியிருந்துச்சு. ஸ்டிக்கர்ல இருக்கிற விலைக்கு மூணு மடங்கு குடுத்தேன். எங்கேந்துடா வருதுன்னு யோசிச்சேன்."

வெர்னா திரும்பிப் பார்த்தாள். வரிசை முழுவதும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர்களில் பாதிப் பேர் மான் கறியை நம்பித்தான் குளிர்காலத்தை ஓட்டுகிறவர்கள். டரனைத் திருடன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் தப்பித்துவிடலாம். அந்த வார்த்தை சாகும்வரை அவனோடு ஒட்டிக்கொள்ளும், அவன் பெண்ணோடும் ஒட்டிக்கொள்ளும்.

"நான்தான் வாங்கச் சொன்னேன்" என்றாள்.

"விக்கவும் நீதான் சொன்னியா?"

"ஆமா."

எல்வுட் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டான். யாரோ ஒருத்தி, "வித்தது போதாதுன்னு இன்னிக்கும் வந்து நிக்கிறா பாரு" என்று முணுமுணுத்தாள். வெர்னா முதுகை வளைக்காமல் வெளியே நடந்தாள்.

டரனின் வீடு ஆற்றோரத்தில் நிறுத்தியிருந்த ஒரு டிரெய்லர், சக்கரம் வைத்த தகர வீடு. சமையலறை மேசையில் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தவன் அவளைப் பார்த்ததும் எழுந்தான். தாடி மழிக்காத முகம்.

"வாங்க அத்தை. காபி போடட்டுமா?"

"எத்தனை மிச்சம் இருக்கு?"

அவன் கண்கள் மேசைக்குப் போய் வந்தன. "யார் சொன்னா?"

"ஊர் சொல்லுச்சு. எத்தனை?"

"இங்க இருக்கறதுதான். மத்த கடைங்கள்ல வாங்கினதும் இருக்கு, எல்லாம் ஃபுல்மர்ல வாங்கினது இல்ல." அவன் நாற்காலியில் சரிந்தான். "எல்லாரும்தான் விக்கிறாங்க அத்தை. நான் வேலை பாத்த ஆலை மூடி எத்தனை மாசமாச்சு? குளிருக்கு வீட்டைச் சூடாக்குற எண்ணெய் என்ன விலைன்னு தெரியுமா உங்களுக்கு? நான் யார் கழுத்துலயும் கத்தி வைக்கல. கேட்டாங்க, குடுத்தேன்."

"வித்தது உன் பாடு. எம்பேரச் சொல்லி ஏன் வாங்கின?"

"அது எம்பேரும்தானே?"

அதில் பொய் இல்லை. சுவரில் அவன் பெண்ணின் பள்ளிப் படம் மாட்டியிருந்தது, அதே கிளிங்கர் மூக்கு.

"உனக்குத் தேவைன்னா என்கிட்ட வந்து கேட்டிருக்கலாமே."

"நீங்க யார்கிட்டயாவது போய்க் கேட்டிருக்கீங்களா அத்தை?" என்றான் டரன். கேலியாகச் சொல்லவில்லை. களைத்த குரலில் கேட்டான். "அப்பா கேட்டாரா? எனக்கு மட்டும் அந்தப் பழக்கம் எங்கேந்து வரும்?"

அவள் ஆரஞ்சு ஸ்டிக்கர் இருந்த பெட்டிகளை மட்டும் பொறுக்கிப் பைக்குள் போட்டாள். அவற்றுக்கு அவன் கடையில் கொடுத்த விலையை மேசைமேல் வைத்தாள். ஒரு பெட்டியாவது தனக்கென்று வைத்துக்கொள்ளும்படி டரன் சொன்னான், காசு வேண்டாம் என்றும் சொன்னான். அவள் காதில் வாங்கவில்லை. வாசலில் நின்று, "உன் வீட்டு எண்ணெய்க்கு நான் காசு கட்டிடறேன். மாட்டேன்னு சொல்லாத, எனக்கு இன்னிக்குச் சண்டை போடத் தெம்பில்ல" என்றாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமையும் அதே வரிசை, அதே குளிர். வெர்னா வரிசையைத் தாண்டி நேராகக் கதவுக்குப் போனாள். பின்னால் யாரோ சீட்டியடித்தார்கள். கதவைத் திறந்த ரேமண்டிடம் பையைக் கொடுத்தாள்.

"தேவைக்கு மேல வாங்கிட்டேன். ஸ்டிக்கர்ல என்ன போட்டிருக்கோ அதே விலைக்குக் குடுத்துடுங்க."

ரேமண்ட் பைக்குள் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் அதைச் சொல்கிற மனிதர் அல்ல. "உங்களுக்கு ஒன்னு எடுத்து வைக்கிறேன்மா."

"வேணாம். இனிமே எங்க பேர்ல எதுவும் எடுத்து வைக்காதீங்க. யார் வந்து கேட்டாலும் இல்லன்னு சொல்லிடுங்க. நான் வந்து கேட்டாலும்தான்."

"உங்கப்பா காலத்துலேந்து இருக்கிற வழக்கமாச்சே?"

"இருந்துச்சு" என்றாள்.

திரும்பி வரும்போது எல்வுட்டின் சட்டைப் பைக்குள் மடித்த நோட்டுகளைச் செருகினாள். "நீ அதிகமாக் குடுத்தது."

"நான் உன்கிட்டயா வாங்கினேன்? அந்தப் பையன்கிட்ட."

"கிளிங்கர்கிட்டதானே வாங்கின?"

எல்வுட் நோட்டுகளைத் திருப்பித் தரவில்லை. "சரி, இங்கயே நில்லு. எனக்கு முன்னாடி இடம் இருக்கு."

"கடைசி எங்க இருக்கு?"

"பங்குக்கு அந்தப் பக்கம். உன் முட்டி என்னாகும்?"

"அது என்கூடத்தான் வரும்" என்று சொல்லிவிட்டு அவள் வரிசையின் கடைசிக்கு நடந்தாள்.

அவள் முறை வந்தபோது அலமாரியில் அதே தூசிப் பெட்டிகள்தான் மிச்சம். ரேமண்ட் வெறும் கையை விரித்துக் காட்டினார். அவள் தலையசைத்துவிட்டு வெளியே வந்தாள்.

எல்வுட் தன் வண்டியில் சாய்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தான். "கிடைச்சுதா?"

"இல்ல."

"வீட்ல எத்தனை வச்சிருக்க?"

"ரெண்டு."

"ரெண்டை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவ? துப்பாக்கிக் குறி சரியா இருக்கான்னு சுட்டுப் பாக்கறதுக்கே மூணு போயிடுமே."

"சுட்டுப் பாக்காமத்தான் வேட்டைக்குப் போகணும்" என்று சொல்லி வெர்னா தன் பிக்கப் வண்டியில் ஏறினாள். சாவியைத் திருகவில்லை. முழங்காலின் குடைச்சல் அடங்கும்வரை, முன்கண்ணாடியில் படிந்திருந்த பனியைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள்.