மாடிவீட்டில் அடித்த மணி

விடிவதற்கு முன்பே குழிக்குள் இறங்கிவிட வேண்டும். வெயில் ஏறிவிட்டால் ஊறப்போட்ட பொச்சுமட்டையின் நாற்றம் குடலைப் புரட்டும். மாதக்கணக்கில் தண்ணீரில் கிடந்து அழுகிய தேங்காய் மட்டை அது. இடுப்பளவு கறுத்த தண்ணீரில் நின்று, ஒவ்வொன்றாக இழுத்துக் கரையில் எறிவோம். விரலிடுக்கெல்லாம் வெந்து தோல் உரியும். எவ்வளவு சவர்க்காரம் போட்டாலும் சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோகும்போது அந்த நாற்றம்தான் முதலில் மூக்கில் ஏறும். நாளடைவில் பழகிவிடும் என்று கோகுலன் சொல்வான். அவன் முதலாளியின் பெறாமகன், அண்ணன் பிள்ளை, எங்களுக்கு மேற்பார்வையாளன், குழிக்கரைக்கு வரும்போது மூக்கில் லேஞ்சி கட்டிக்கொண்டு வருகிறவன். எனக்குப் பழகவில்லை. பழகவும் வேண்டாம்.

பளையில் பெருந்தெருவிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் தும்பு ஆலை இருக்கிறது. மட்டையை அடித்துத் தும்பாக்கி, காயவைத்து, அழுத்திக் கட்டி வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். அங்கே அதைப் பூஞ்சாடிக்குள் போடுவார்களாம். முதலாளி கதிர்காமநாதன் லண்டனில் கடை வைத்திருந்துவிட்டு வந்து காணி வாங்கியவர். ஆலைக்குப் பக்கத்திலேயே இரண்டு மாடி வீடு எழுப்பினார். ஆலையின் மறுபக்கம் தகரக்கூரை போட்டு வரிசையாகக் கட்டிய லைன் அறைகள். அவற்றில் இருப்பது முல்லைத்தீவுக் கரையிலிருந்து வந்த நாங்கள். கடல் சோறு போடாமல் விட்டபிறகு பிழைப்புத் தேடி வந்த குடும்பங்கள். என் பெயர் ஜெயரூபினி. என் புருசன் மெல்ரொன் தும்பு கட்டுகிற மெசினில் நிற்கிறார். கடைசி அறையில் புனிதமலர் அக்கா தனியாக இருந்தா. அந்த அறைச் சுவருக்கு அப்பால் கட்டிய தும்பை அடுக்கிவைக்கிற களஞ்சியம்.

தும்பு வாங்குகிற வெளிநாட்டுக் கொம்பனி, வேலையாட்கள் படுக்கிற இடத்தில் புகை அலாரம் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. இல்லாவிட்டால் ஓடர் இல்லை. அதனால்தான் முதலாளிக்கு எங்கள் உயிரின் ஞாபகம் வந்தது. ஒருநாள் வவுனியாவிலிருந்து வான் ஒன்று பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்கியது. சட்டி மூடி அளவில் வெள்ளை வெள்ளையாக வட்டச் சாமான்கள். நாங்கள் அவற்றுக்கு வெள்ளை மூடி என்றே பெயர் வைத்தோம். ஆலையின் மின்வேலைகளைப் பார்க்கிற சுதாகரன் ஏணியோடு அறை அறையாக ஏறி இறங்கினான். எங்கள் அறைக்கு ஒன்று, களஞ்சியத்துக்கு இரண்டு, மாடிவீட்டுக்குள் எத்தனையோ. எல்லாவற்றையும் வயரால் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு போனான். அந்த வயர் எங்கள் கூரையிலிருந்து கம்பத்துக்குக் கம்பம் தாவி மாடிவீட்டு விறாந்தையில் இருந்த ஒரு பெட்டியில் போய் முடிந்தது. எந்த மூடியில் புகை பட்டாலும் அந்தப் பெட்டி கண்டுபிடித்துச் சைரனைக் கத்த வைக்குமாம். முதலாளியின் போனுக்கும் செய்தி போகுமாம்.

சைரன் இரண்டு வந்திருந்தது. ஒன்று மாடிவீட்டுப் படிக்கட்டில் ஏறியது. மற்றதை லைனுக்குப் பூட்டச் சுதாகரன் எடுத்துக்கொண்டு வந்தபோது முதலாளி மறித்துவிட்டார். அன்றைக்கு நாங்கள் எல்லாரும் முற்றத்தில் நின்றோம். புனிதமலர் அக்காதான் கேட்டா.

"ஐயா, எங்கட அறையில புகை வந்தா உங்கட வீட்டில மணி அடிக்கும் எண்டு சொல்லுறாங்கள். நித்திரையில கிடக்கிற எங்களை ஆர் எழுப்புறது?"

"நான் எழுப்புவன். அதுக்குத்தானே எனக்கு அடிக்கிறது," என்றார் முதலாளி. "உங்கட பக்கம் சைரனைப் போட்டா அடுப்பு மூட்ட ஒருக்கா, நுளம்புக்குப் புகை போட ஒருக்கா எண்டு நாள் முழுக்கக் கத்தும். நீங்களும் வேலையை விட்டிட்டு வெளியில நிண்டு கதைப்பீங்கள்."

இரண்டாவது சைரன் பெட்டியோடு திரும்பிப் போனது. பிறகு வெளிநாட்டுக்காரர் வந்தார்கள். எங்கள் படுக்கைகளுக்கு நடுவில் சப்பாத்தோடு நின்று, அண்ணாந்து மூடியைப் படம் பிடித்தார்கள், சிரித்துக்கொண்டு போனார்கள். சைரன் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர்களுக்குப் படம் போதும்.

அன்றிலிருந்து எங்களுக்குப் பிடித்தது சனியன். பொழுதுபட்டால் இந்தப் பக்கம் நுளம்பு அள்ளும். உடைந்த சட்டிக்குள் பொச்சைப் போட்டு, நெருப்புக் கங்கு வைத்து, மேலே பச்சை வேப்பிலை தூவி அறைக்குள் வைத்தால்தான் பிள்ளைகள் கண்ணயரும். புகை போட்ட கையோடு கோகுலன் ஓடிவருவான். மாடிவீட்டில் சைரன் கத்துகிறது, முதலாளியின் மனிசியான சித்திக்குத் தலையிடி, உடனே அணையுங்கோ என்பான். அடுப்பு மூட்டினாலும் அதே ஓட்டம். கொஞ்ச நாளில் கட்டளை வந்துவிட்டது: அறைக்குள்ளும் கூடாது, முற்றத்திலும் கூடாது, சமைப்பதென்றால் குழிக்கரையில் போய்ச் சமையுங்கள். அந்த நாற்றத்துக்குள் சோறு வடித்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். எங்களைக் காக்க வந்த சாமான் எங்கள் அடுப்பை வேவு பார்த்தது. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் காறித் துப்பத்தான் வருகிறது.

நுளம்பு கடித்து உடம்பெல்லாம் தடித்துப்போன ஒரு பின்னேரம், புனிதமலர் அக்கா கதிரையில் ஏறி, வெள்ளை மூடிக்கு மேல் சொப்பிங் பை ஒன்றைப் போட்டு நூலால் இறுக்கிக் கட்டினா. பிறகு ஆறுதலாக நுளம்புக்குப் புகை போட்டா. கோகுலன் வரவில்லை. அடுத்த நாள் நான் கட்டினேன். இரண்டொரு நாளில் லைன் முழுக்கப் பை தொங்கியது. பிழைதான். ஆனால் எங்களுக்குக் கேட்காத மணி இருந்தென்ன, இல்லாமல் என்ன என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

நெருப்புப் பிடித்தது ஒரு ஞாயிறு விடியல். மெசினில் சூடேறிய தும்பு கட்டுக்குள்ளேயே கனன்று கொண்டிருந்திருக்கிறது. நாங்கள் தேவாலயத்தில் முதற் பூசைக்குப் போய்விட்டோம். முழங்கால் வீங்கியிருந்த புனிதமலர் அக்கா மட்டும் வரவில்லை. நாங்கள் திரும்பும்போது களஞ்சியத்துக்கு மேலே கரும்புகை நின்றது. அக்காவின் அறைத் தகரம் சுருண்டு கிடந்தது. அக்காவைச் சுதாகரன் வேலியோரம் மண்ணில் கிடத்தியிருந்தான். முகமெல்லாம் கரி. ஒரு கை தோள்வரை வெந்துபோயிருந்தது. இருமவும் தெம்பில்லை, மூச்சு மட்டும் இழுத்தது.

நடந்ததைச் சுதாகரன் சொன்னான். அவன் படுப்பது வாசல் கேற்றுக்குப் பக்கத்து அறையில். களஞ்சியத்தில் இருந்த மூடிகளில் பை இல்லை. அவை புகையை உடனே பிடித்துவிட்டன. மாடிவீட்டில் சைரன் அடித்தது. அவன் எழும்பி ஓடிவரும்போது முதலாளியும் கோகுலனும் உழவு இயந்திரத்தை இழுவைப் பெட்டியோடு களஞ்சிய வாசலில் விட்டுத் தும்புக் கட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். லைனில் ஆட்கள் இருக்கிறார்களா என்று இவன் கேட்டான். எல்லாரும் கோயிலுக்குப் போய்விட்டார்கள், நீ இதைப் பிடி என்றார் முதலாளி. எட்டிப் பார்க்க நாலு எட்டு நடக்க வேண்டும். அவர் நடக்கவில்லை. இவன் கட்டைப் போட்டுவிட்டு ஓடிக் கதவை உடைத்தான். உள்ளே கட்டில் வெறுமையாகக் கிடந்தது. அக்கா கட்டிலுக்குக் கீழே குப்புறப் படுத்து, இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு கிடந்தா.

கிளிநொச்சி ஆசுப்பத்திரியில் அக்காவுக்குப் பேச்சு வந்ததும் நான் கேட்டேன், ஏன் அக்கா வெளியில் ஓடவில்லை என்று.

"வாகனம் இரையிற சத்தம் கேட்டுது, ஆக்கள் கத்தினது கேட்டுது. என்னெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. அந்த நாளையப்போல படுத்திட்டன் பிள்ளை," என்றா.

எங்கள் சனத்துக்குப் பெரிய சத்தம் கேட்டால் கால் ஓடாது, உடம்பு நிலத்தைத் தேடும். சண்டைக் காலத்தில் செல்லடிக்குள் அதைப் படித்துத்தான் உயிரோடு இருக்கிறோம்.

திங்கட்கிழமை முதலாளி எங்கள் எல்லாரையும் கட்டு மெசினுக்கு முன்னால் கூப்பிட்டு நிறுத்தினார். கையில் பாதி உருகிய சொப்பிங் பை. அதைச் செத்த எலியைத் தூக்குவதுபோல் நுனியில் பிடித்திருந்தார். கடற்கரைச் சனத்தின் புத்தி இதுதான், இலட்சக்கணக்கில் செலவழித்து உங்களுக்குப் பாதுகாப்புச் செய்தால் பை கட்டி மூடுவீர்கள் என்றார். கொம்பனிக்குப் பதில் சொல்ல வேண்டுமாம். முதலில் கட்டியது யார் என்று சொன்னால் மற்றவர்கள் இருக்கலாம். சொல்லாவிட்டால் லைனை முழுக்கக் காலிபண்ண வேண்டும். புனிதமலர் எப்படியும் இனி இங்கே வரத் தேவையில்லை என்றும் சொன்னார்.

நான் முன்னுக்கு வந்தேன்.

"பை கட்டினது எங்கட அறையில ஐயா," என்றேன். "அடிச்சது களஞ்சியத்து மூடி. அது வடிவா அடிச்சதுதானே?"

"அடிச்சது. அதுக்கென்ன?"

"உங்களுக்குக் கேட்டதுதானே? கேட்டிட்டு எங்க ஓடினீங்கள்?"

அவர் முகம் கறுத்தது. "ஜெயரூபினி, நீர் அளவோட கதையும். தும்பு எரிஞ்சா உங்களுக்கும்தான் வேலை இல்லை. நெருப்பெண்டா வெளியில ஓடவேணும் எண்டு தெரியாமல் கட்டிலுக்குக் கீழ படுத்த மனிசிக்கு நான் என்ன செய்யிறது?"

"எழுப்புறன் எண்டு சொன்னது நீங்கள்தானே."

அவர் பையைக் கீழே போட்டுவிட்டு, கையைச் சாரத்தில் துடைத்தபடி போய்விட்டார்.

அன்று பின்னேரம் குழிக்கரையில் கூடினோம். எல்லாருக்கும் பயம் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். லைனை விட்டால் போக எங்களுக்கு இடம் இல்லை. அக்காதானே முதலில் கட்டினா, அதைச் சொன்னால் என்ன, அவவை எப்படியும் எடுக்கமாட்டார் என்று ஒரு மனிசி மெதுவாகச் சொன்னா. கிருசாந்திதான் எழும்பினாள். அவள் லைன்காரி இல்லை. குளத்துக்குக் கீழே வயல் செய்கிற யாழ்ப்பாணத்துக் குடும்பம், சைவக்காரர். தினமும் சைக்கிளில் வேலைக்கு வந்து போகிறவள். அவளை யாரும் இருக்கிற இடத்தைக் காலிபண்ணச் சொல்லப்போவதில்லை.

"முதலாளி என்னை மத்தியானம் தனியக் கூப்பிட்டுக் கதைச்சவர்," என்றாள். "பேரைச் சொன்னா மேற்பார்வை வேலை தாறாராம். நான் சொல்லேல்லை. இண்டைக்கு அக்கா, நாளைக்கு நான். நாளைக்கு நான் குழிக்குள்ள இறங்கமாட்டன். நீங்கள் இறங்கிறதெண்டா இறங்குங்கோ."

அதற்குப் பிறகு கதை நீளவில்லை. அக்கா அவவுடைய அறைக்கும் வேலைக்கும் திரும்பி வர வேண்டும். சைரன் எங்கள் பக்கம் பூட்ட வேண்டும். இரண்டுக்கும் சம்மதித்தால்தான் மட்டையில் கை வைப்பது. மெல்ரொன் போய் மெசின்காரர்களிடம் சொன்னார். அவர்களும் சரி என்றார்கள்.

செவ்வாய் விடிந்தது. முதன்முறையாகக் குழித் தண்ணீர் அசையாமல் கிடந்தது. குழிக்கரையில் இனிச் சமைப்பதில்லை என்று நாங்கள் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு மாடிவீட்டுக்கு முன்னால் இருக்கிற கேற்றடிக்குப் போனோம். பிள்ளைகளுக்குப் பசி, அதைவிட வேறு யோசனை ஒன்றும் இருக்கவில்லை. மூன்று கல்லைக் கூட்டிப் பெரிய பானையை வைத்தோம். விறகு பச்சை. பொச்சைச் செருகி ஊதினேன். சோளகக் காற்று புகையை அள்ளிக்கொண்டு நேரே மாடிவீட்டுத் திறந்த யன்னலுக்குள் போனது.

உள்ளே சைரன் கத்தத் தொடங்கியது.

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. இரண்டு மனிசிகள் நிலத்தில் குந்திவிட்டார்கள். பயமில்லை, இது முதலாளி வீட்டு மணி என்று கையைப் பிடித்துத் தூக்கினேன். எங்கள் லைனில் ஒருவரும் இவ்வளவு கிட்ட அந்தச் சத்தத்தைக் கேட்டதில்லை. காதைக் கிழிக்கிற நல்ல சத்தம். செத்தவனையும் எழுப்பும். இது மட்டும் எங்கள் சுவரில் இருந்திருந்தால் நெருப்பு என்று விளங்கி அக்கா வெளியே வந்திருப்பா, அல்லது தெருவால் போன யாராவது ஓடிவந்து தூக்கியிருப்பார்கள். அதை நினைத்ததும் எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது.

முதலாளி உள்பெனியனோடு வெளியே ஓடிவந்தார். அடுப்பை அணைக்கச் சொன்னார். ஒருவரும் எழும்பவில்லை. பொலிசைக் கூப்பிடப் போவதாகச் சொன்னார். பிறகு கேற்றடியில் நின்ற சுதாகரனைக் கண்டுவிட்டார்.

"உந்தச் சைரனைப் போய் நிப்பாட்டும்."

சுதாகரன் இடுப்பில் கட்டியிருந்த மின்வேலை ஆயுதப் பையை அவிழ்த்தான். போய் நிறுத்தப்போகிறான் என்று நினைத்தேன். அவன் அதை மதிலோரம் வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் குந்தி, அணையப் பார்த்த விறகை உள்ளே தள்ளினான்.

"நானும் இண்டைக்கு வேலை இல்லை ஐயா," என்றான்.

முதலாளி போனைக் காதில் வைத்தபடி உள்ளே போய்க் கதவை அடித்துச் சாத்தினார். சைரன் நிற்கவில்லை. அதன் சத்தம் கேட்டுப் பக்கத்துக் கல்லறுக்கிற பட்டறையிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள், எங்கே நெருப்பு என்று கேட்டார்கள். மெல்ரொன் அவர்களுக்கு முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். கேட்டுவிட்டு அவர்களில் சிலர் போய்விட்டார்கள். சிலர் போகாமல் மதிலோரம் இருந்தார்கள். பொலிஸ் வந்தாலும் வரும், லைனைப் பூட்டினாலும் பூட்டுவார், அக்காவுக்கு என்ன பதில் என்று இன்னும் தெரியாது. கிருசாந்தி சைக்கிள் கரியரில் இருந்த அரிசிப் பையை அவிழ்த்து, பானைக்குள் எட்டிப் பார்த்தாள். ஆட்கள் கூடிவிட்டார்கள், காணாது என்று சொல்லி இன்னும் இரண்டு சுண்டு அரிசி போட்டாள்.