தபசு மரத்தில் சொல்லாத பெயர்

ஓசூர்ப் பக்கம், பேரிகைக்குத் தெற்கே உள்ள அந்த ஊரில் பாரதக் கூத்து நடக்கும்போது ஒவ்வொரு நாள் கூத்தும் ஒரு குடும்பத்தின் உபயம். அருச்சுனன் தபசு திம்மராயன் வீட்டுடையது. ஊர் நடுவில் நட்ட உயர்ந்த பனைமரத்தின் உச்சிக்கு அருச்சுனன் வேடக்காரர் பாடிக்கொண்டே ஏறுவார். கீழே நிற்கும் உபயக்காரர் தோள்துண்டை எடுத்து உயர்த்திக் காட்டினால் மேலிருந்து அவர் வீட்டுப் பெயரைக் கூவுவார். அதற்குப் பிறகுதான் எலுமிச்சம்பழங்களை வீசுவார். பிள்ளை வேண்டி நிற்கும் பெண்கள் முந்தானை ஏந்திப் பிடிப்பார்கள்.

அப்படி விழுந்த ஒரு பழத்துக்குப் பின்தான் திம்மராயன் மனைவி செல்வம்மாள் வயிற்றில் அருணா பிறந்தாள். அந்த அருணா கம்பெனி வேலைக்குப் போன இடத்தில், ஜூஜுவாடி நெடுஞ்சாலையைக் கடக்கும்போது லாரி மோதி இறந்துபோனாள். காரியம் முடிந்த அன்று திம்மராயன் வீட்டுக்கு ஒரு கட்டுப்பாடு வைத்தார். இந்த வீட்டு அழுகை வீதிக்குக் கேட்கக் கூடாது. அவள் படத்தைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார். அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் அவள் பெயரைச் சொன்னதில்லை. வருஷத்துக்கு ஒருமுறை தபசு மரத்தின் உச்சியிலிருந்து மட்டும், "திம்மராயன் செல்வம்மாள் உபயம், மக அருணா பேர்ல தபசு!" என்று கேட்கும். அது ஊர் வழக்கம், அதைக் கேட்பதில் கௌரவக் குறைவு இல்லை. செல்வம்மாள் அந்த ஒரு குரலை வாங்கிக்கொண்டு மறு வருஷம் வரை இருப்பாள்.

இந்த வருஷம் கூத்துக்குப் பக்கத்துத் தொழிற்பேட்டையிலிருந்து ஒரு கம்பெனி வந்தது. பல்சக்கரம் செய்கிற கம்பெனி. கலைக்கென்று ஒதுக்கிய பணத்தில் பந்தல், விளக்கு, ஆட்டக்காரர் கூலி எல்லாம் தருகிறோம், ஆட்டக்காரர் குடும்பங்களுக்கு வைத்தியச் செலவும் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். அருச்சுனன் வேடம் கட்டும் ராமப்பன் போன வருஷம் மரத்திலிருந்து இறங்கும்போது முழங்கால் பிசகி, ஓசூரில் காட்டக்கூட வழியில்லாமல் கிடந்தான். வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. பதிலுக்கு அவர்கள் கேட்டது ஒன்றுதான். எல்லா நாளும் உபயமென்று கம்பெனி பெயரை மட்டுமே சொல்ல வேண்டும்.

கோயில் மண்டபத்தில் கூட்டம் கூடியது. திம்மராயன்தான் ஊர்த் தலைவர்.

இன்னொரு நாள் கூத்தின் உபயக்காரரான கிருஷ்ணப்பன் எழுந்தார். "அண்ணா, என் ராத்திரிக்கு மட்டும் எங்கப்பன் பேரு இருக்கட்டும். நட்டு போல்ட்டுக்கா எங்கப்பன் பொறந்தாரு?"

சிரிப்பு எழுந்தது. "எங்க மாமன் பேரும்" என்றார் இன்னொருவர்.

"உக்காருங்கப்பா." திம்மராயன் குரல் உயரவில்லை. "பேருக்குக் கையேந்தற ஜனமா நாம? குடுத்தா முழுசாக் குடுக்கணும். ஆளாளுக்கு ஒரு மூலையப் புடிச்சு இழுத்தா அது குடுத்ததா ஆவுமா?"

கிருஷ்ணப்பன் உட்கார்ந்துவிட்டார்.

கம்பெனி சார்பில் வந்திருந்த இளம்பரிதி திருவாரூர்ப் பக்கத்துப் பையன், பதவிசானவன். வெளியே வந்ததும் மெதுவாகக் கேட்டான். "ஐயா, தபசு உங்க வீட்டு உபயம்னு சொன்னாங்க. விசேஷமா எதுனா இருந்தா சொல்லுங்க. அன்னிக்கு மட்டும் உங்க பேரையும் சேத்துச் சொல்லச் சொல்றேன். நான் ஆபீஸ்ல பேசிக்கிறேன்."

ஒரு வார்த்தை போதும். ஆனால் இப்போதுதான் ஊரை அடக்கிவிட்டு வந்திருக்கிறார். தன் வீட்டுக்கென்று தனியாக ஒன்றை ஒதுக்கிக்கொண்டால் நாளைக்குக் கிருஷ்ணப்பன் முகத்தை எப்படிப் பார்ப்பது?

"விசேஷம் ஒண்ணுமில்ல தம்பி."

செல்வம்மாளிடம் அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமென்றால் அந்தப் பெயரைச் சொல்ல வேண்டும்.

தபசு அன்று சாயங்காலம், வெயில் தணிந்திருந்தது. மரத்தின் பாதி உயரத்தில் கம்பெனியின் நீலத் துணி கட்டியிருந்தது. செல்வம்மாள் குளித்து ஈரத்தலையோடு, எப்போதும் நிற்கும் இடத்தில் நின்றாள். பக்கத்தில் கிருஷ்ணப்பனின் மருமகள் பிரவீனா முந்தானையை விரித்துப் பிடித்திருந்தாள்.

"பெரீம்மா, எம் பக்கம் விழுவுமா?"

"விழும் கண்ணு. நல்லா நிமுந்து நில்லு."

ராமப்பன் கிரீடம் ஆட ஏறினான். உச்சிக்குப் போய்ப் பலகையில் நின்றதும் பாட்டை நிறுத்திக் கீழே பார்த்தான். அவனுக்குக் கம்பெனியின் நிபந்தனை தெரியும். ஆனாலும் அந்தப் பெரியவர் துண்டை உயர்த்தினால் கூவிவிடுவது என்றுதான் ஏறியிருந்தான். திம்மராயனையே பார்த்துக்கொண்டு நின்றான். மத்தளம் ஓய்ந்து போயிற்று.

திம்மராயனின் கை துண்டின் முனையைப் பிடித்தது. ஊரே பார்த்தது. கிருஷ்ணப்பனும் பார்த்தார். கை அங்கேயே நின்றது.

ராமப்பன் இன்னும் கொஞ்சம் பொறுத்தான். பிறகு கம்பெனியின் பெயரைச் சொன்னான். கூவவில்லை, சொன்னான். கைதட்டினார்கள். பழங்கள் விழுந்தன. அவன் குறிபார்த்து வீசிய ஒன்று செல்வம்மாள் கையில் விழுந்தது. அவள் அதைப் பார்க்காமலே பிரவீனாவின் முந்தானையில் போட்டாள்.

கூட்டம் கலைந்தது. ராமப்பன் இறங்கி முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான். செல்வம்மாள் மட்டும் மேலே பார்த்தபடி நின்றாள். திம்மராயன் பக்கத்தில் வந்தார்.

"ஏங்க, பேரு சொல்லலியே. மறந்துட்டானா?"

"இந்த வருசம் இல்ல."

"கம்பெனிக்காரங்க வேணாம்னுட்டாங்களா?"

ஆமாம் என்றிருந்தால் தீர்ந்திருக்கும். அந்த வீட்டில் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"அவங்க வேணுமான்னு கேட்டாங்க. நாந்தான் வேணாம்னேன்."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். திட்டவில்லை, அழவில்லை. தெரு முனைப் பக்கம் திரும்பி, விளையாடப் போன பிள்ளையைப் பொழுது சாய்ந்ததும் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டாள்.

"அருணா... ஏ அருணா! வூட்டுக்கு வாம்மா!"

போய்க்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். கிருஷ்ணப்பன் தலையைக் குனிந்துகொண்டார். பந்தல் ஓரம் நின்ற இளம்பரிதி, அருகிலிருந்தவரிடம் யார் அருணா என்று கேட்பது காதில் விழுந்தது.

அவள் மறுபடி கூப்பிட்டாள். திம்மராயன் அவளை அடக்கவில்லை. ஊர் பார்த்துக்கொண்டிருந்ததால் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைக்கவும் முடியாமல், நிமிர்ந்தபடியே அவள் பக்கத்தில் நின்றார்.