சட்டைப் பையில் கறுப்பு

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீடு திரும்பியதிலிருந்து பியாட்ரிஸ் தம்பியிடம் ஒரே ஒரு சொல்லைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். நான் இல்லை என்று சொல். அவ்வளவுதான். லாயிட் அதை மட்டும் சொல்லவில்லை. பிரம்பு நாற்காலியில் சாய்ந்து, காலை ஆட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டிருந்தான்.

"அறுபத்தாறு வயசாகுது. வெக்கமில்லாம சிரிக்கிறான் பாரு," என்றார் பியாட்ரிஸ்.

"நான் ஆமான்னும் சொல்லலியே அக்கா."

"அதான்டா கேட்கிறேன். ஏன் இல்லன்னு சொல்ல மாட்டேங்கிற?"

இன்னும் கொஞ்ச நேரத்தில் வீணா வந்துவிடுவாள். நாற்பது ஆண்டுகளுக்கு முன் கடத்தப்பட்ட ஒரு விமானத்தில் நெஞ்சுவலி வந்து இறந்துபோன பழனிச்சாமியின் மகள் அவள். "உங்க அப்பா சாவுக்குக் காரணமான ஆளைக் கண்டுபிடிச்சாச்சு. ரிச்சர்ட்ஸ் டவுனுக்கு வாங்க, நேர்ல பாக்கலாம்" என்று நீல் அவளுக்குச் செய்தி அனுப்பியிருந்தான். அனுப்பிய பிறகுதான் பியாட்ரிஸிடம் சொன்னான்.

பெங்களூரில் பியாட்ரிஸின் அந்த வீட்டின் முன்னறையில் மூன்று பேர் ஆறு வருடமாக ஞாயிறுதோறும் கூடி அந்தக் கடத்தலைப் பற்றி வாதாடிவந்தார்கள். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற பியாட்ரிஸ். வானிலை அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற சுந்தரேசன். மென்பொருள் கம்பெனியில் இருக்கும் நீல். வாதங்களைப் படம் பிடித்து யூடியூப் சேனலில் போடுவது நீலின் வேலை. போலீஸ் கைவிட்ட வழக்கை மூன்று பேர் டீ குடித்துக்கொண்டே கிண்டுகிறார்கள் என்று ஒரு கன்னடப் பத்திரிகை இவர்களைப் பற்றிச் செய்தியும் போட்டிருந்தது.

வழக்கு இதுதான். 1985 ஜூன் மாதம், சென்னையிலிருந்து பெங்களூர் வந்த மாலை விமானத்தின் பின்வரிசையில் இருந்த ஒருவன், மடியில் இருந்த டிபன் கேரியரைத் தட்டிக் காட்டி, இதில் குண்டு இருக்கிறது என்றான். விமானம் பழைய விமான நிலையத்தில் இறங்கி ஓடுபாதையின் கடைசியில் விளக்கை அணைத்துவிட்டு நின்றது. சிறையில் இருக்கும் இரண்டு பேரை விடச் சொன்னான். அந்தப் பெயர்களில் எந்தச் சிறையிலும் யாரும் இல்லை. பழனிச்சாமி மாரைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் கேட்டார், இறங்க வேண்டும் என்று கெஞ்சினார். "உட்காரு," என்றான் அவன். நன்றாக இருட்டிய பிறகு பெண்களையும் குழந்தைகளையும் இறங்கச் சொல்லிவிட்டு, யாரோ ஒருவருடைய குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவர்களோடு தானும் இறங்கிப் போய்விட்டான். போலீஸ் உள்ளே ஏறியபோது பின்வரிசையில் டிபன் கேரியர் மட்டும் இருந்தது. தயிர்சாதம், எலுமிச்சை ஊறுகாய். பழனிச்சாமி ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

அவன் முகத்தை யாரும் சரியாகப் பார்க்கவில்லை. விமானப் பணிப்பெண்ணின் வாக்குமூலத்தில் மட்டும் ஒரு விவரம் இருந்தது. சட்டைப் பையின் மேல் கட்டைவிரல் அகலத்துக்குக் கறுப்பாக ஏதோ குத்தியிருந்தான். ஏதோ ஒரு இயக்கத்தின் சின்னம் என்று நினைத்துப் போலீஸ் பல ஆண்டுகளை வீணடித்தது. பேனா மூடி என்று சுந்தரேசன் நான்கு வருடம் சாதித்தார்.

கண்டுபிடித்தது பியாட்ரிஸ்தான். "இது துக்கத்துக்குக் குத்துற கறுப்பு சார். எங்க ஆளுங்கள்ல அப்பா அம்மா செத்தா பசங்க ஒரு வருஷம் பாக்கெட்ல கறுப்பு ரிப்பன் குத்திக்குவாங்க. அவன் நம்ம கன்டோன்மென்ட் ஏரியா கிறிஸ்டியன். அந்த வருஷம் அவன் வீட்ல சாவு விழுந்திருக்கு." அந்த வீடியோவை நான்கு லட்சம் பேர் பார்த்தார்கள். பியாட்ரிஸுக்கு அன்று இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை.

மூன்று வாரத்துக்கு முன் லாயிட் தானாகவே நீலுக்கு போன் செய்தான். அந்த வருடம் மார்ச்சில்தான் எங்கள் டாடி சில்வெஸ்டர் இறந்தார் என்றான். அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீல் வந்து அவன் முன் காமிராவை வைத்தான்.

"அந்த வருஷம் நீங்க கறுப்பு குத்தியிருந்தீங்களா அங்கிள்?"

"டாடி செத்தா யாரு மேன் குத்தாம இருப்பா?"

"ஜூன்ல மெட்ராஸ் போனீங்களா?"

"போயிருப்பேன். அந்த வயசுல நான் போகாத ஊரு எது?"

"அந்த ஃப்ளைட்ல..."

லாயிட் காமிராவைப் பார்த்துச் சிரித்தான். "சில விஷயம் கேக்கக் கூடாது தம்பி."

ஒன்பது லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்து, கல்யாண பேண்டில் டிரம்ஸ் அடித்து, இரண்டிலும் நிலைக்காமல் அக்கா வீட்டின் பின்னறையில் காலம் தள்ளும் லாயிட்டுக்கு இப்போது பேக்கரிக்காரர் பஃப் கொடுத்து உட்காரவைக்கிறார். காலேஜ் பையன்கள் தோளில் கைபோட்டு செல்ஃபி எடுக்கிறார்கள்.

"ஒரு மனுஷன் செத்திருக்கான்," என்றார் பியாட்ரிஸ். "அவர் பொண்ணு வரப்போறா. அவகிட்டயும் இப்படித்தான் பல்லக் காட்டுவியா?"

"ஆன்ட்டி, நீங்க எமோஷனல் ஆகாதீங்க," என்றான் நீல். "ஆதாரத்தை மட்டும் பேசுவோம்."

"பேசு. என்ன ஆதாரம்?"

"வயசு சரியா இருக்கு. உயரம் சரியா இருக்கு. கன்டோன்மென்ட் தமிழ். ரிப்பன்."

"அந்த வயசுல அந்த உயரத்துல இந்த ஏரியாவுல நூறு பேரு இருந்தான். மெட்ராஸ் போனதுக்கு டிக்கெட் பாத்தியா? யாரையாவது கேட்டியா? ரிப்பன எடுத்துட்டா உன் கையில என்ன இருக்கு?"

சுந்தரேசன் தொண்டையைச் செருமினார். "டீச்சர் சொல்றது நியாயம்தான். ஆனா அவரே மறுக்கலையே."

"மறுக்காதது ஆதாரமா சார்? உங்க ஆபீஸ்ல மழை வரலன்னு யாரும் சொல்லலன்னா, மழைன்னு எழுதிடுவீங்களா?"

சுந்தரேசன் டீயைப் பார்த்தார்.

பியாட்ரிஸ் எழுந்து நின்றார். இத்தனை வருடம் வெளியே சொல்லாத ஒன்றைச் சொல்லப்போகிறோம் என்பதை விட, தம்பி அதைச் சொல்லவைக்கிறானே என்பதுதான் அவருக்குத் தாளவில்லை.

"அவன் கறுப்பே குத்தல."

லாயிட்டின் கால் ஆடுவது நின்றது. "அக்கா."

"ஒரு நாள் கூடக் குத்தல. ஏழாம் நாள் பூசைக்குக் கிளம்பும்போது மம்மி தன் கையால ரிப்பன் வெட்டி, பின்னு போட்டு, இவன் பாக்கெட்ல குத்துனாங்க. பிச்சு எடுத்து அவங்க முன்னாடியே சாக்கடையில போட்டான். அந்த ஆளுக்கெல்லாம் நான் கறுப்பு குத்த மாட்டேன்னான். வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம், வேலை செய்யற இடத்துல குத்த விட மாட்டாங்கன்னு மம்மி ஒரு வருஷம் பொய் சொன்னாங்க. சாகிற வரைக்கும் அதே பொய்யச் சொன்னாங்க."

"ஏன் குத்தலன்னும் சொல்லு!" லாயிட் கத்தினான். சிரிப்பு எங்கேயோ போயிருந்தது. "சொல்லேன். பெல்ட் பக்கிள் பட்டு என் முதுகுல எத்தன தழும்புன்னு சொல்லு. நீ படிக்கிற பொண்ணு, உனக்கு சாக்லேட். எனக்கு பெல்ட்டு. அந்த ஆளு செத்ததுக்கு நான் ஒரு வருஷம் கறுப்பு குத்திக்கிட்டுத் திரியணுமா?"

"குத்த வேணாம். நான் உன்னக் குத்தச் சொன்னேனா? அன்னிக்கும் சொல்லல, இன்னிக்கும் சொல்லல. குத்துனேன்னு ஊரெல்லாம் பீத்திக்கிறியே, அதக் கேட்கிறேன்."

பிறகு நீல் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தான். அவன் கண்ணில் வெளிச்சம் ஏறியிருந்தது.

"ஒரு நிமிஷம் ஆன்ட்டி. வீட்ல குத்தாதவரு, ஃப்ளைட்ல மட்டும் வேஷத்துக்குக் குத்தியிருக்கலாமே? போலீஸக் குழப்புறதுக்கு? இது தியரிய இன்னும் ஸ்ட்ராங் ஆக்குது."

"சாத்தியம்தான்," என்றார் சுந்தரேசன்.

"குத்துனா ஆதாரம். குத்தலன்னாலும் ஆதாரம்." பியாட்ரிஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இதுக்கா ஆறு வருஷம் உங்களுக்கு டீ போட்டேன்?"

லாயிட் கையை உயர்த்தினான். "விடு அக்கா. அந்த வீடியோ இருந்துட்டுப் போகட்டும்."

"ஏன்?"

"ஃப்ளைட்ட கடத்துனவன்னா கை குடுக்கிறாங்க. அப்பன் சாவுக்கு அழாதவன்னா மூஞ்சில துப்புவாங்க. எனக்கு இதுவே போதும்."

அழைப்பு மணி அடித்தது.

வீணா தனியாகத்தான் உள்ளே வந்தாள். நாற்பத்தெட்டு வயது. கார்மென்ட்ஸ் கம்பெனியில் சூப்பர்வைசர். ஈஜிபுராவில் இரண்டு அறை வீட்டில் அம்மாவோடு இருப்பவள். காட்டிய நாற்காலியில் அவள் உட்காரவில்லை.

"அம்மா வெளிய ஆட்டோல இருக்காங்க. அந்தாளு வீட்டுப் படி மிதிக்க மாட்டேன், மூஞ்சிய மட்டும் காட்டுன்னுட்டாங்க." அறையில் இருந்த முகங்களை ஒருமுறை சுற்றிப் பார்த்து லாயிட்டிடம் நின்றாள். "நீங்கதானே வீடியோல வந்தது. சொல்லுங்க. அது நீங்களா?"

பியாட்ரிஸ் தம்பியைப் பார்த்தார். அவன் முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு ஒருமுறை வரப் பார்த்தது. வரவில்லை.

"இல்லம்மா," என்றான். "நான் இல்ல."

"அப்ப ஏன் சிரிச்சீங்க?"

லாயிட் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"எங்கப்பா செத்தத கேக்குறாங்க, நீங்க சிரிக்கிறீங்க. அந்தச் சிரிப்ப எங்கம்மா தினம் போன்ல போட்டுப் பாக்குறாங்க. மூணு வாரமா வாயில சோறு எறங்கல." அவள் நீலின் பக்கம் திரும்பினாள். "கண்டுபிடிச்சாச்சுன்னு மெசேஜ் போட்டது நீங்கதானே சார்?"

"மோஸ்ட் ப்ராபப்ளிங்கிற அர்த்தத்துலதான் மேடம்..."

"எங்கம்மாவுக்கு மோஸ்ட் ப்ராபப்ளி எல்லாம் தெரியாது சார். கண்டுபிடிச்சாச்சுன்னா கண்டுபிடிச்சாச்சுதான்." பிறகு லாயிட்டிடம், "இங்க என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? வாங்க. வந்து அவங்ககிட்ட சொல்லுங்க."

லாயிட் அசையவில்லை. பியாட்ரிஸ் அவன் சட்டையின் தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கினார். "எழுந்திரு. காமிரா முன்னாடி உக்காந்தல்ல? இப்ப அங்க போய் நில்லு."

ஆட்டோ தூங்குமூஞ்சி மரத்தின் நிழலில் நின்றிருந்தது. டிரைவர் போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். பின்சீட்டில் வீணாவின் அம்மா சின்னத்தாயி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மெலிந்த உடம்பு. கண் மட்டும் நிலைகுத்தி இருந்தது.

"கிட்ட வா," என்றார்.

லாயிட் குனிந்தான். அவர் அவன் முகத்தை நெற்றியிலிருந்து தாடைவரை பார்த்தார். கணவனைக் கொன்றவனை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. இனி அந்த இடத்தில் வைக்க ஒரு முகம் கிடைத்துவிட்டது என்பதுபோல் பார்த்தார்.

"நான் இல்லம்மா," என்றான் லாயிட். "சும்மா ஒரு விளையாட்டுக்கு..."

"வெளையாட்டா?"

"தப்புதான். ஆனா அந்தாளு நான் இல்ல."

"அன்னிக்கும் அந்தப் பாவி அப்பிடித்தான். நான் இல்ல நான் இல்லன்னு, எவளோ பெத்த கொழந்தய இடுப்புல தூக்கினு எறங்கிப் போனான். போலீஸ்காரன் நடுவுலயே நடந்து போனான். இப்ப நீ வந்து நான் இல்லன்ற."

லாயிட் ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டான். திரும்பி அக்காவைப் பார்த்தான். அவர் வாயைத் திறக்கவில்லை. வேறு வழியில்லாமல் அவனே சொன்னான்.

"அந்தாளு பாக்கெட்ல கறுப்பு குத்தியிருந்தான்மா. துக்கத்துக்குக் குத்துறது. நான் குத்தல. எங்கப்பா செத்தப்போ நான் கறுப்பே குத்தல. ரிப்பன சாக்கடையில போட்டேன். வேணும்னா எங்கக்காவ கேளுங்க. சத்தியமா. நான் எங்கப்பனுக்கு அழக்கூட இல்ல."

கிழவியின் முகம் மாறவில்லை. அவன் சொன்னதை முழுதாக உள்ளே வாங்கிக்கொள்ள அவருக்குச் சற்று நேரம் ஆனது.

"பெத்த அப்பன் செத்ததுக்கே அழாதவனா நீ?"

"ஆமாம்மா. அதான் சொல்றேன், நான்..."

"அப்ப எங்க வூட்டுக்காரரு மாரப் புடிச்சினு தண்ணி கேட்டா, நீ குடுத்திருப்பியா?"

லாயிட் இன்னொரு கையையும் கம்பியில் வைத்தான்.

"இவன்தான் வீணா," என்றார் சின்னத்தாயி. குரலை உயர்த்தவில்லை. "எனக்கு சந்தேகமே இல்ல. ஏறு, போலாம்."

"அம்மா, அவரு இல்லன்னுதானே..."

"ஏறுடி."

வீணா ஏறினாள். பியாட்ரிஸின் முகத்தை அவள் பார்க்கவில்லை. "ஹோகோணா அம்மா?" போகலாமா என்று கன்னடத்தில் கேட்டுக்கொண்டே டிரைவர் போனைச் சட்டைப் பையில் போட்டார். ஆட்டோ நகர்ந்தபோது லாயிட் கம்பியை விடாமல் நாலடி கூடவே ஓடினான். "அம்மா, ஒரு நிமிஷம், அம்மா." வேகம் கூடியதும் கை தானாக விட்டுப்போயிற்று.

சுந்தரேசன் வாசலில் நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நீல் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தான். "ஆன்ட்டி, வேணும்னா அந்த வீடியோவ எடுத்துடட்டுமா?"

"எடு. அவங்க மனசுலேர்ந்தும் உன்னால எடுக்க முடியுமான்னு பாரு."

லாயிட் மூச்சிரைக்கத் திரும்பி வந்தான். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. "நீ வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல அக்கா? நீ டீச்சரு. நீ சொன்னா நம்புவாங்க. நாளைக்கு ஈஜிபுரா போலாம். நீ வந்து சொல்லு. நான் கால்ல வேணாலும் விழறேன்."

"காலையிலேர்ந்து கேட்டேன்," என்றார் பியாட்ரிஸ். "அவங்க வர்றதுக்கு முன்னாடி நீ அதச் சொல்லியிருந்தா அது உண்மையா இருந்திருக்கும். இனிமே யாரு போய் என்ன சொன்னாலும் அவங்களுக்கு நீதான்."

அவன் ஏதோ சொல்ல வந்தான். அவர் நிற்கவில்லை. முன்னறைக்குப் போய் லேப்டாப்பையும் காமிராவையும் அதன் ஸ்டாண்டையும் ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து நீலின் கையில் திணித்தார். சுந்தரேசன் யாரும் சொல்லாமலேயே தன் குடையை எடுத்துக்கொண்டார்.